நுண்ணோக்கிக்குச் சந்தனம்

எங்கள் மாலை வகுப்புக்கு நுண்ணோக்கி வந்த விவரத்தை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். ‘வந்த’ என்பது சரியான சொல்தானா என்று எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. வாங்கினார்கள் என்பது உறுதி. திறந்து வைத்தார்கள் என்பதும் உறுதி. பல முறை திறந்து வைத்தார்கள்.

நான் பகலில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாணிக்கம் முதலாளியின் மசாலா மில்லில் மிளகாய் அரைப்பவன். மாலையில் நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். அப்படியும் பக்கத்தில் உட்காரும் லீலா தும்முவாள். “செல்லக்கண்ணு, நீ நாளைக்கு மல்லி அரைச்சிட்டு வாயேன்” என்பாள். அறுபத்திரண்டாம் ஆண்டு முடிவில் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாகவிருந்தது. அறிவியல் செய்முறைத் தேர்வில் தேறியவர்கள்தான் மனுப்போடலாம். மிளகாய்த் தூளிலிருந்து வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே கதவு அது. லீலாவும் அதே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு நடந்த இடம் ஒரு தமிழ்ப் பள்ளி. பகலில் சிறுபிள்ளைகள், மாலையில் நாங்கள். அறிவியல் ஆசிரியர் யாக்கூப் சார் கரும்பலகையில் செங்கல் சுவர்போல ஒரு படம் வரைவார். “இது வெங்காயத் தோல். மைக்ராஸ்கோப்புல பார்த்தா இப்படித்தான் இருக்குமாம். நம்புங்க. நானும் அப்படி நம்பித்தான் பாஸ் பண்ணேன்” என்பார். பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சமூகக் கல்வி வளமூட்டு நிதிக் குழு அதை வாங்கித் தர முன்வந்தது.

கடைக்காரர்களும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்பவர்களும், பால்காரர்களும்கூட அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். மனமாரக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

குழுவின் தலைவர் எங்கள் மாணிக்கம் முதலாளி. செயலாளர் காகிதக் கடை அப்துல் கஃபார். யாரையும் கடிந்து பேசாதவர். விதியைத் தவிர வேறு எதையும் பேசாதவரும்கூட. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்தும் குழு என்பதால், விழாக்களில் யாருக்கும் மனக்குறை வராதபடி பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் நீக்கியிருந்தார்கள். குத்துவிளக்கு இல்லை. தேங்காய் இல்லை. ஓதுவதும் இல்லை, பாடுவதும் இல்லை. இரு தரப்பு வீடுகளிலும் புழங்குவது எது என்று தேடியபோது சந்தனமும் பன்னீரும் மிஞ்சின. ஆகவே எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதற்குச் சந்தனம் பூசிப் பன்னீர் தெளிப்பது குழுவின் முதல் விதியாயிற்று.

முதல் திறப்பு விழா ஃபேரர் பார்க் அருகே ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்கு முன் கஃபார் என்னைக் கடைக்கு அழைத்தார்.

“தம்பி, பசியாறிட்டீங்களா? உட்காருங்க. பயன்னு ஒண்ணு இருந்தா பயனாளின்னு ஒருத்தர் இருக்கணும். ஆளைக் காட்டலன்னா யாரு நம்புவா? அதனால குழு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு.”

“ஏன் என்னை, ஐயா? என்னைவிட நல்லா படிக்கிறவங்க இருக்காங்களே.”

“நல்லா படிக்கிறவங்களுக்கு நம்ம உதவி எதுக்கு? அதுவுமில்லாம நீங்க முதலாளி மில்லுலயே இருக்கீங்க. கூப்பிட்டா வந்துடுவீங்க.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விழாக்கள் எல்லாம் முடிந்ததும் என் மாலை வகுப்புக் கட்டணத்தைக் குழுவே கட்டும். விழாக்களில் நான் ஏற்புரையும் நன்றியுரையும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

விழாவில் முதலாளி பேசினார். மில்லில் அவர் பேசும் தமிழ் வேறு, மேடையில் பேசும் தமிழ் வேறு.

“அன்புடையீர்! கல்வி கண் என்றார்கள். அந்தக் கண்ணுக்கே நாம் ஒரு கண் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்! இதன் வழியே பார்த்தால் சிறியது பெரியதாகத் தெரியும். நம் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சிறிய உதவி, எவ்வளவு பெரிய விழா!”

பலத்த கைதட்டல்.

பிறகு நுண்ணோக்கிக்குச் சந்தனம் பூச வேண்டியிருந்தது. எங்கே பூசுவது என்ற கேள்வி எழுந்தது. “கண்ணுன்னு சொல்லிட்டோம். கண்ணு இருக்குற எடத்துலதான் வைக்கணும்” என்று முதலாளி மூன்று விரலால் வழித்துக் கண்வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் மேல் நன்றாக அப்பினார். கஃபார் வெள்ளிப் பன்னீர்ச்செம்பால் எல்லோர் முகத்திலும் தெளித்தார். யாக்கூப் சார் எனக்குக் கொடுத்தனுப்பிய வெங்காயத் தோல் கண்ணாடித் துண்டு கருவியில் இருந்தது. அவரை யாரும் அழைக்கவில்லை. அவருக்கு அந்நேரம் வகுப்பு இருந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். “ஆகா! என்ன ஒரு சிருஷ்டி!” என்றார். நிமிர்ந்தபோது அவருடைய வலது கண்ணைச் சுற்றி மஞ்சள் வட்டம் ஒன்று இருந்தது. கஃபார் பார்த்தார். “சுப்ஹானல்லாஹ்” என்றார். அவருக்கும் வட்டம். வரிசையில் நின்ற புரவலர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, வியந்து, வட்டத்தோடு நிமிர்ந்தார்கள். வட்டம் இருப்பவர்கள் பார்த்தவர்கள், இல்லாதவர்கள் இன்னும் பார்க்காதவர்கள் என்று விருந்தில் அடையாளம் தெரிந்தது. வட்டம் இருந்தவர்களுக்கு முதல் பந்தி. பிறகு வந்த விழாக்களில் சிலர் முகம் கழுவாமலே வீடுவரைக்கும் போனதைப் பார்த்தேன்.

கடைசியில் நானும் பார்த்தேன். எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. இத்தனை பெரியவர்கள் வியந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், பார்க்கத் தெரியாதவன் நான்தான் என்று முடிவு செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ளாமல் நன்றியுரை ஆற்றினேன்.

நுண்ணோக்கி பள்ளிக்குப் போகவில்லை. பள்ளி அலமாரிக்குப் பூட்டு இல்லை என்பதால், மில்லுக்கு மேலே இருந்த குழு அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொடுத்தவர்கள் இருக்கும் எல்லா ஊர்களிலும் திறந்து வைத்த பிறகு பள்ளியிடம் ஒப்படைப்பது என்று தீர்மானம். ஊர்களோ கூடிக்கொண்டே போயின. எங்களுக்கு ஏன் இல்லை என்று பாசிர் பாஞ்சாங்கில் கேட்டார்கள். உடனே அங்கே ஒரு விழா. அதைக் கேள்விப்பட்டு ஜூரோங்கில் ஒரு விழா.

விழாக்கள் எல்லாம் மாலையில். வகுப்பும் மாலையில். விழாவுக்கு என்றால் முதலாளி மில்லிலிருந்து முன்னதாகவே விட்டுவிடுவார். ஒரு முறை வகுப்புக்காகக் கேட்டபோது, “படிப்பு படிப்புன்னு வேலையைக் கெடுத்துக்காத” என்றார். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போவேன். எங்கள் வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் கல்வி வளமூட்டலால் என் படிப்பு எப்படிச் செழித்தது என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

பகல் பள்ளிப் பிள்ளைகளும் பயனடைந்தார்கள். வரவேற்புப் பாட்டு ஒன்று கற்றுக்கொண்டார்கள். அதற்கான பயிற்சி அறிவியல் பாட வேளையில் நடந்தது. பாட்டு அறிவியலைப் பற்றியது.

விழா இல்லாத ஒரு மாலையில் வகுப்புக்குப் போனேன். நுண்ணோக்கியில் பார்த்ததை வரையச் சொன்னார் யாக்கூப் சார். நான் பெரிய வட்டம் போட்டு உள்ளே முழுக்க மஞ்சள் தீட்டினேன்.

“என்னப்பா இது, அப்பளமா?”

“வெங்காயத் தோல், சார். பார்த்ததைத்தான் வரைஞ்சேன்.”

அவர் படத்தை எடுத்து மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார். “கண்ணாடியில ஏதாச்சும் பூசுறாங்களா?”

“சந்தனம் பூசுவாங்க, சார்.”

“எங்க?”

“கண்ணுல.”

லீலா மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. “அடுத்த தடவை பூசினதும் மெல்லத் துடைச்சிடு” என்றார்.

அடுத்த விழா செம்பவாங்கில், தளத்துத் தொழிலாளர் கூடத்தில். சந்தனம் பூசியாயிற்று. கஃபார் பன்னீர் தெளிக்கப் போனபோது நான் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். வெங்காயத் தோலை மில்லிலேயே மறந்து வந்திருந்தேன். என்ன வைப்பது என்று தெரியாமல், தெளித்துவிட்டு வந்த கஃபாரின் கையிலிருந்த பன்னீர்ச்செம்பிலிருந்து ஒரு சொட்டை வெறும் கண்ணாடித் துண்டில் விட்டுக் கருவியில் வைத்தேன். அந்தச் செம்பு குழுவின் சொத்து. அதைக் கழுவ வேண்டும் என்று எந்த விதியும் இல்லாததால் ஒவ்வொரு விழாவிலும் மேலே மேலே ஊற்றி நிரப்பி வந்தார்கள்.

முதலாளி குனிந்தார். “ஆகா” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

“டேய், என்னடா இது?”

“பன்னீர், முதலாளி.”

“பன்னீர்ல வாலு இருக்குதுடா! நெளியுது! ஒண்ணு வருது, ஒண்ணு போவுது!”

அவர் முகத்திலிருந்து பன்னீர் அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். முன்வரிசைப் புரவலர்களும் ஏனென்று தெரியாமலே துடைத்தார்கள். கஃபார் குனிந்து பார்த்துவிட்டுச் செம்பை மெல்லக் கீழே வைத்தார். நான் அவசரமாகப் பார்க்கக் குனிந்தேன். அதற்குள் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். எட்டு ஊர் சுற்றியும் ஒன்றும் பார்க்காதவன் அன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. கடற்காற்றால் கருவி பழுதுபட்டு, இல்லாததையெல்லாம் காட்டியது என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு என்னை உள்ளே அழைத்தார்கள்.

“சந்தனத்தை யாரு தொடச்சா?” என்றார் முதலாளி.

“நான்தான், முதலாளி. அது இருந்தா ஒண்ணும் தெரியல.”

“எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதே! அத்தனை ஊரு சனத்துக்கும் தெரிஞ்சுதே! ஒனக்குத் தெரியலன்னா கோளாறு எங்க இருக்கு?”

அதுவே என் பழைய ஐயமும்கூட.

கஃபார் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, சந்தனம் ரெண்டு சமூகத்துக்கும் பொது. அது ஒண்ணுதான் நமக்குள்ள மிச்சம். அதைத் தொடச்சா என்ன அர்த்தம் ஆகும்னு யோசிச்சீங்களா?”

யோசித்தேன். பயமாக இருந்தது. “ஐயா, அப்படின்னா நான் பயனாளியா இருக்குறதுலேருந்து விலகிக்கிறேன்” என்றேன்.

“விதியில விலகல் கெடையாதே. விலகணும்னா வாங்கின பயனைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் விலக முடியும்.”

“எனக்கு இன்னும் பயனே வரலையே, ஐயா.”

“வராததை எப்படித் திருப்பிக் கொடுப்பீங்க?” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

“அப்ப என்னை நீங்களே நீக்கிடுங்க.”

“நீக்கிட்டா புதுப் பயனாளியை மறுபடி எல்லா ஊருலயும் அறிமுகம் செய்யணும். குழுவால தாங்க முடியுமா?” என்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையை ஆட்டினார். கருவிக்கு மறுபடி சந்தனம் பூசி மாசு நீக்கினார்கள். அன்றுமுதல் பூசிய சந்தனத்தின் பக்கத்தில் ஒரு காவலர் நின்றார்.

இதற்குள் தேர்வு நெருங்கிவிட்டது. தேர்வு அலுவலர் ஜலாலுதீன் வேறொரு பள்ளியின் பழைய நுண்ணோக்கியைக் கொண்டுவந்து எங்கள் வகுப்பிலேயே செய்முறைத் தேர்வை வைப்பதாக ஏற்பாடு. செய்தி குழுவுக்குப் போனது.

“நம்ம பயனாளி வேற கருவியில பாஸ் பண்ணா அது யாரு பெருமை?” என்றார் கஃபார். “நம்ம கருவி, நம்ம மேடை. புக்கிட் மேரா விழாவுல வச்சிடலாம். வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் நடுவுல இடம் இருக்கு.”

ஜலாலுதீன் எப்படி ஒப்புக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாணவனுக்காக வாதாடுவதைவிட பஸ் பிடித்து வந்துவிடுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மற்றவர்கள் முதல் நாளே வகுப்பில் எழுதி முடித்தார்கள். லீலா என்னைத் தேடி மில் வாசலுக்கு வந்தாள்.

“சுலபம்தான் லா. வெங்காயத் தோல்தான் வச்சாரு. செங்கல் அடுக்கின மாதிரி இருந்துச்சு. உனக்கும் மஞ்சளாத்தான் தெரியப் போவுது. பேசாம செங்கல் வரைஞ்சிட்டு வந்துடு.”

“வேற எதையாச்சும் வச்சிருந்தா?”

“உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?” என்று தும்மிக்கொண்டே போனாள்.

புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். அழைப்பிதழில் ‘பயனாளி தேர்வெழுதுதல்’ என்று அச்சாகியிருந்தது. யாக்கூப் சாரும் லீலாவும் உட்கார இடமில்லாமல் பின்னால் நின்றார்கள். வாழ்த்துரைகள் முடிந்தன. சந்தனம் பூசினார்கள். புதுச் செம்பிலிருந்து பன்னீர் தெளித்தார்கள். ஜலாலுதீன் மேடையேறி, கண்ணாடித் துண்டைக் கருவியில் பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாருங்க. என்ன தெரியுது?”

ஒலிபெருக்கி அவர் கேள்வியைப் பந்தல் முழுவதும் கொண்டுபோனது. நான் குனிந்தேன். மஞ்சள். செங்கல் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ஆய்வுக்கூட வேலைக்கும் அதுவே வழி. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒருவருடைய இரத்தத்தைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டால், அங்கேயும் பக்கத்தில் இருப்பவர் சொன்னதையா சொல்வேன்? இதை நான் துணிச்சல் என்று எழுதவில்லை. பொய்யை ஒழுங்காக வரைய முடியுமா என்பதிலும் எனக்கு ஐயம் இருந்தது.

“சந்தனம் தெரியுது, ஐயா.”

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். ஜலாலுதீன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றி விரலால் தொட்டு முகர்ந்தார்.

“சரியான விடை” என்று குறித்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். காவலர் ஓரடி முன்வந்து, அரசாங்கத்துக்காரர் என்பதால் நின்றுவிட்டார். “இப்பப் பாருங்க.”

பார்த்தேன். சுவர். ஒன்றோடொன்று ஒட்டிய நீள நீளமான அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓரத்தில் ஒரு புள்ளி, யாரோ உள்ளே குடியிருப்பதுபோல. இவ்வளவு நாள் மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேனே, அதற்குள் இது இருந்திருக்கிறது. எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததுபோல வரைந்தேன். ஜலாலுதீன் படத்தைப் பார்த்து, “தேறிட்டீங்க” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கண்ணில் பாதி வட்டத்தோடு இறங்கிப் போனார். பின்னால் யாக்கூப் சார் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

முதலாளி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அன்புடையீர்! கண்டீர்களா? பார்த்த மாத்திரத்தில் சந்தனத்தைச் சந்தனம் என்று சொல்லும் அறிவு நம் நிதியால் அல்லவா வந்தது! அரசாங்கமே தன் கைக்குட்டையில் நம் சந்தனத்தை ஏந்திச் சென்றிருக்கிறது! இப்படிப்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் நாளைக்கு யாரைக் காட்டி நாம் நிதி திரட்டுவது? ஆகவே செல்லக்கண்ணுவை இந்தக் கருவியின் நிரந்தரக் காப்பாளராகக் குழு நியமிக்கிறது! பகலில் என் மில்லிலேயே இருக்கலாம்!”

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. யாரோ என் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பிறகு அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை. கஃபார் ஒலிபெருக்கியை என் முன் நகர்த்தினார். “நன்றியுரை, தம்பி.”

பின்னாலிருந்து லீலா தலையை இடவலமாகப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல் என்கிறாள் என்பது புரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, புரவலப் பெருமக்களே” என்று வந்தது. பிறகு அது தானாகவே போயிற்று. அந்த ஆண்டு முழுவதும் நான் தடங்கலில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். நடுவில் நிறுத்த எனக்கு இடம் தெரியவில்லை. முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மனுப்போட்டிருந்த எனக்கும் லீலாவுக்கும் ஆஸ்பத்திரி நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை காலை. செம்பவாங்கில் கருவி பழுதுநீங்கிய விழாவும் அன்று காலையில்தான். தளத்துக்காரர்களுக்கு அன்று விடுமுறையாம். வேன் மில் வாசலில் நின்றது. எதிரே பஸ் நிறுத்தத்தில் லீலா நல்ல சேலை கட்டிக்கொண்டு, சான்றிதழ் உறையோடு நின்றாள். சாலையைக் கடந்து போய், “நீ எப்படி எல்லாப் பாடமும் படிச்சே?” என்று கேட்டேன்.

“எனக்கு உதவி கெடைக்கல லா. அதான் படிச்சேன்” என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. “பஸ் வருது. வரியா? ஏறிடு.”

“செல்லக்கண்ணு!” என்று வேனிலிருந்து முதலாளி கூப்பிட்டார். “காப்பாளரே! கருவி தனியா இருக்குல்ல!”

ஆஸ்பத்திரி தெற்கே. பஸ் தெற்கே போயிற்று. வேன் வடக்கே திரும்பியது. நான் நுண்ணோக்கியைப் பொன்னாடையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் கஃபார் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். போய்ச் சேருவதற்குள் குழைத்துவிட வேண்டும். அதுவும் இனிமேல் காப்பாளர் வேலை.

“பதமா குழைங்க, தம்பி” என்றார். “கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும். கைக்குட்டைக்கெல்லாம் வராத மாதிரி.”

நான் கெட்டியாகவே குழைத்தேன்.